அச்சகக் கணினியில் என் ஐசி எண்

சென்ற செமஸ்டர் விடுமுறையில் கிள்ளானில் ஓர் அச்சகத்தில் ஆறு வாரம் வேலை பார்த்தேன். பொறியியல் படிக்கிற பையன் கல்யாண கார்டு மடிக்கப் போகிறானே என்று அம்மாவுக்கு வருத்தம். நான் போனது ஒரு பாடத்துக்காக. தகவல் பாதுகாப்புப் பாடத்தில் விரிவுரையாளர் கொடுத்த வேலை இது: ஒரு சிறு வியாபாரத்தை எடுத்துக்கொள், அதற்கு இணைய வழியில் என்னென்ன ஆபத்து என்று மதிப்பிடு, சட்டம் சொல்வதை அது எவ்வளவு தூரம் கடைப்பிடிக்கிறது என்று எழுது. பெரிய நிறுவனங்கள் ஒரு மாணவனை உள்ளே விடாது. அச்சக முதலாளியோ எங்கள் தாமான்காரர். "வா தம்பி, ஆனா சும்மா உக்காந்து எழுத முடியாது, கார்டு மடிக்கணும்" என்றார். சரி என்று போய்விட்டேன்.

இரண்டாவது வாரம் டிசைன் கணினியில் ஒரு பழைய பேனர் கோப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். 'முகாம்' என்று தட்டினேன். வந்த வரிசையில் ஓர் எக்செல் கோப்பு. பெயரைப் பார்த்ததுமே எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. திறந்தால், மூன்று வருடங்களுக்கு முன் எங்கள் வட்டாரத்தில் நடந்த பண்பாட்டு முகாமில் கலந்துகொண்டவர்களின் பட்டியல். பெயர், ஐசி எண், வீட்டு முகவரி, பெற்றோரின் கைப்பேசி எண். கடைசிக் கட்டத்தில் 'உடல்நலப் பிரச்சினை'. ஒரு தங்கச்சிக்கு நேராக 'வலிப்பு, மாத்திரை எடுக்கிறாள்' என்று எழுதியிருந்தது. என் பெயரும் ஐசி எண்ணும் அதில் இருந்தன.

அதை அச்சகத்துக்கு அனுப்பியது யார் தெரியுமா? நான்தான். அந்த வருடம் நான் செயலாளர். சான்றிதழில் பெயர் அச்சிட வேண்டும், நாளைக்குள் வேண்டும், கையில் இருந்த கோப்பை அப்படியே வாட்சாப்பில் தள்ளிவிட்டேன். சான்றிதழுக்குத் தேவைப்பட்டது பெயர் மட்டும்தான்.

அதன்பிறகு என் பாடவேலை வேறு மாதிரி ஆகிவிட்டது. அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். இதைப் படிக்கிற உங்களில் பலர் ஏதாவது ஓர் இயக்கத்தில் செயலாளராகவோ பொருளாளராகவோ இருப்பீர்கள். சிலர் வீட்டில் அச்சகமே இருக்கும்.

ஒரு வேலையின் பின்னாலேயே நடந்து பார்ப்பது

விரிவுரையாளர் முதலில் கொடுத்தது ஐஎஸ்ஓ 27001 தரநிலையின் பட்டியல். 2022ஆம் ஆண்டுப் பதிப்பில் 93 கட்டுப்பாடுகள். கடையில் இருப்பதோ முதலாளி, டிசைன் செய்யும் அக்கா, இயந்திரம் ஓட்டும் ஒருவர், பிறகு நான். 93ஐயும் ஒவ்வொன்றாகக் கேட்டால் அண்ணன் என்னைக் கடையை விட்டே துரத்தியிருப்பார். அதனால் வேறு வழி பிடித்தேன். ஒரு வேலை கடைக்குள் வருவதிலிருந்து வெளியே போவதுவரை அதன் பின்னாலேயே நடந்தேன். எங்கே நிற்கிறது, யார் தொடுகிறார்கள், எங்கே பிரதி விழுகிறது என்று மட்டும் குறித்துக்கொண்டேன்.

ஒரு கோயில் திருவிழா வேலையை எடுத்துக்கொள்வோம். உபயகாரர்களின் பட்டியல் வாட்சாப்பில் வருகிறது. பெயர், நட்சத்திரம், தொலைபேசி எண், சில சமயம் ஐசி எண்கூட. முதல் பிரதி முதலாளியின் கைப்பேசியில். கடைக் கணினியில் வாட்சாப் எப்போதும் திறந்தே இருக்கும் என்பதால் அங்கே இரண்டாவது. அக்கா அதை இறக்கி டிசைன் கோப்பில் சேர்க்கும்போது மூன்றாவது. சரிபார்க்க பிடிஎப் ஆக்கித் திருப்பி அனுப்பும்போது நான்காவது. அச்சு இயந்திரத்தோடு இணைந்த கணினிக்குப் போகும்போது ஐந்தாவது. டிஜிட்டல் அச்சு இயந்திரத்துக்குள்ளேயே ஒரு வன்தட்டு இருக்கிறது, அதில் ஆறாவது. பிறகு தாளில். நிறம் சரியாக வரும்வரை நாலைந்து தாள் வீணாகும். அந்தத் தாள்கள் மேசைக்கு அடியில் அடுக்கப்பட்டு, பின்பக்கம் கணக்கு எழுதப் பயன்பட்டு, கடைசியில் பழைய பேப்பர் எடுக்க வருபவரின் லாரியில் ஏறும். ஏழெட்டு இடம். வேலை முடிந்து பணம் வாங்கிய பிறகு, இந்த இடங்களில் ஒன்றிலும் யாரும் எதையும் அழிப்பதில்லை.

வன்தட்டு விஷயம் எனக்கே புதிது. போட்டோகாப்பி இயந்திரம் என்றால் கண்ணாடியும் விளக்கும்தானே என்று நினைத்திருந்தேன். பல அலுவலக இயந்திரங்கள், நகல் எடுக்கும் பக்கத்தைத் தம் வன்தட்டில் சேமித்துவிட்டுத்தான் அச்சிடுகின்றன. அமெரிக்காவில் அபினிட்டி ஹெல்த் பிளான் என்ற காப்பீட்டு நிறுவனம், வாடகைக்கு எடுத்த இயந்திரங்களை வன்தட்டைத் துடைக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டது. நோயாளிகளின் விவரம் அப்படியே வெளியே போனது. 2013இல் அது 12 இலட்சம் டாலருக்கு மேல் கட்ட வேண்டியதாயிற்று. நம் ஊர்க் கடைகளிலும் இயந்திரம் பெரும்பாலும் வாடகைதான். ஒப்பந்தம் முடிந்ததும் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். "வன்தட்டைத் துடைச்சுக் கொடுப்பாங்களா?" என்று அண்ணனிடம் கேட்டேன். "அதுல ஹார்ட்டிஸ்க் இருக்கா?" என்று என்னைத் திருப்பிக் கேட்டார்.

மூன்று கேள்வி

பாடப்புத்தகம் பாதுகாப்பை மூன்றாகப் பிரிக்கும்: இரகசியம் காப்பது, மாறாமல் காப்பது, வேண்டும்போது கிடைப்பது. அச்சகத்தில் இந்த மூன்றையும் கையால் தொட்டுக் காட்டலாம்.

இரகசியம் பற்றி மேலே பார்த்தோம். ஐசி எண்ணை மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள். 12 இலக்கம். முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம் அல்லது நாடு. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். அதோடு பெற்றோரின் தொலைபேசி எண்ணும் பிள்ளையின் நோயும் சேர்ந்தால், ஒரு மோசடிக்காரனுக்கு வேறு என்ன வேண்டும்? "உங்க மக மயங்கி விழுந்துட்டா, ஆஸ்பத்திரிக்கு உடனே முன்பணம் கட்டணும்" என்று அழைப்பு வந்தால் எந்த அம்மா நிதானமாக யோசிப்பார்?

இரண்டாவது, மாறாமல் காப்பது. கோயில் ரசீதுப் புத்தகம் 0001இலிருந்து 5000 வரை எண் போட்டு அடிக்கிறோம். அந்தக் கோப்பு வெளியே போனால், அதே எண்ணில் இன்னொரு புத்தகம் எங்கே வேண்டுமானாலும் அடிக்கலாம். நன்கொடை கொடுத்தவர் கையில் ரசீது இருக்கும், கோயில் கணக்கில் பணம் இருக்காது. லெட்டர்ஹெட், பரிசுக் கூப்பன், ரப்பர் ஸ்டாம்ப் எல்லாமே இந்த வகைதான். நான் இருந்தபோதே ஒரு சங்கத்தின் முத்திரையைப் படம் எடுத்து அனுப்பி, "இதே மாதிரி ஒண்ணு வேணும்" என்று கேட்டார்கள். இதில் அண்ணன் கெட்டிக்காரர். சங்கத்தின் கடிதம் இல்லாமல் செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பெயர் தெரியாவிட்டாலும் இதுவும் ஒரு பாதுகாப்புக் கட்டுப்பாடுதான்.

மூன்றாவது, வேண்டும்போது கிடைப்பது. தைப்பூசத்துக்கு ஒரு வாரம் முன்னால் கணினி திறக்கவில்லை என்றால் கடை என்ன ஆகும்? இங்கேதான் மூலையில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பழைய கணினி வருகிறது. பேனர் இயந்திரத்துக்குக் கோப்பு அனுப்பும் மென்பொருள் அதில் மட்டும்தான் ஓடும். அது விண்டோஸ் 7. அதற்கு மைக்ரோசாப்ட் ஆதரவு 2020 ஜனவரி 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 10க்கே 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. 2017 மே மாதம் உலகத்தையே உலுக்கிய வானாகிரை ரேன்சம்வேர் நினைவிருக்கிறதா? நான் அப்போது பள்ளிப் பையன். அது பரவியது விண்டோஸ் கணினிகள் தங்களுக்குள் கோப்பைப் பகிர்ந்துகொள்ளும் வசதியில் இருந்த ஓட்டை வழியாக. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் இரண்டு மாதம் முன்னாலேயே, மார்ச்சிலேயே, வெளியிட்டிருந்தது. போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அச்சகத்தில் அக்கா டிசைன் கணினியிலிருந்து பேனர் கணினிக்குக் கோப்பு அனுப்புவதும் அதே பகிர்வு வசதி வழியாகத்தான். இன்றைக்குப் புதிதாக ஓர் ஓட்டை கண்டுபிடித்தால், விண்டோஸ் 7க்குத் திருத்தம் வரும் என்று நம்பிக் காத்திருக்க முடியாது.

பேக்கப் இருக்கிறதே என்றார் அண்ணன். இருந்தது. வெளிவன்தட்டு ஒன்று, வருடம் முழுக்கக் கணினியிலேயே செருகியபடி. ரேன்சம்வேர் வந்தால் செருகியிருப்பதையும் சேர்த்துத்தான் பூட்டும்.

யாருக்கு நட்டம்?

ஆபத்துக்குப் புள்ளி போடும் முறை எளிது. நடக்கும் வாய்ப்புக்கு 1 முதல் 5, நடந்தால் வரும் பாதிப்புக்கு 1 முதல் 5, இரண்டையும் பெருக்கு. பெரிய எண்ணை முதலில் சரி செய். இது துல்லியமான கணக்கு இல்லை, எதை முதலில் கவனிப்பது என்று வரிசைப்படுத்த ஒரு வழி, அவ்வளவுதான்.

அண்ணனும் நானும் சேர்ந்து உட்கார்ந்து போட்டோம். ரேன்சம்வேர்: வாய்ப்பு 3, பாதிப்பு 5, ஆக 15. கடையின் வாட்சாப்பை யாராவது கைப்பற்றி, வாடிக்கையாளர்களுக்கு வேறு வங்கிக் கணக்கு எண்ணை அனுப்புவது: 4 பெருக்கல் 4, 16. இதை அவர் உடனே ஒப்புக்கொண்டார், தெரிந்த ஒருவருக்கு நடந்திருக்கிறதாம். பிறகு பழைய பட்டியல்கள் கசிவது. வாய்ப்பு 4 என்றேன். பாதிப்பு? "ஒண்ணு போடு. நமக்கு என்னா நட்டம்? யாருக்கும் தெரியப்போறதே இல்ல லா" என்றார்.

அவர் சொன்னது பொய் இல்லை. கடையின் கணக்குப் புத்தகத்தை வைத்துப் பார்த்தால் அது 1தான். ஒரு பட்டியல் கசிந்தால் எங்கிருந்து கசிந்தது என்று யாராலும் எளிதில் சொல்ல முடியாது. நட்டப்படுபவர் கடைக்குள் கால் வைத்ததே இல்லை. மாத்திரை எடுக்கும் அந்தத் தங்கச்சிக்கு இந்த அச்சகம் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. புள்ளி போடும் மேசையில் அவளுக்கு நாற்காலி இல்லை. என் பாடவேலையில் நான் கற்றுக்கொண்டது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஆபத்து மதிப்பீடு என்பது எண்ணைப் பெருக்குவதற்கு முன்னால், யாருடைய பாதிப்பை எண்ணுகிறோம் என்று முடிவு செய்வது. நான் அதற்கு 4 போட்டேன். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை.

சட்டம் உள்ளே வருவதும் இந்த இடத்தில்தான். வெளியே இருப்பவருடைய நட்டத்தைக் கடையின் கணக்கில் ஏற்றுவதுதான் அதன் வேலை.

நம் நாட்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. வியாபாரத் தொடர்பில் தனிநபர் தரவைக் கையாளும் எவருக்கும் இது பொருந்தும், கடை சின்னது என்று விலக்கு கிடையாது. அதில் ஏழு கொள்கைகள். அச்சகத்துக்கு உயிரானவை இரண்டு: தரவைப் பாதுகாப்பாக வைத்திரு, நோக்கம் முடிந்தபின் வைத்திருக்காதே. சமய நம்பிக்கை, உடல்நலம் பற்றிய தகவல்களைச் சட்டம் தனியாக, கூடுதல் கவனம் தேவைப்படும் தரவாக வைக்கிறது. கோயில் பட்டியலும் முகாம் பட்டியலும் அந்த எல்லையைத் தொடுபவை.

2024இல் வந்த திருத்தம் 2025 ஜனவரி, ஏப்ரல், ஜூன் என்று மூன்று கட்டமாக அமலுக்கு வந்தது. கொள்கைகளை மீறினால் முன்பு அதிகபட்சம் 300,000 ரிங்கிட் அபராதம், இரண்டு வருடச் சிறை. இப்போது 10 இலட்சம் ரிங்கிட், மூன்று வருடம். அதைவிட முக்கியமான மாற்றம் ஒன்று உண்டு. முன்பெல்லாம் பொறுப்பு முழுக்கத் தரவைச் சேகரித்த நிறுவனத்தின் மேல்தான். அவர்கள் சொல்லி வேலை செய்து கொடுப்பவர் நேரடியாகச் சட்டத்தில் மாட்ட மாட்டார். இப்போது, மற்றவர் தரவைக் கையாண்டு கொடுப்பவரும் பாதுகாப்புக் கொள்கைக்கு நேரடியாகக் கட்டுப்பட்டவர். ஒரு தனியார் பள்ளி மாணவர் அட்டை அடிக்கக் கொடுத்தால், அச்சகம் அந்த இடத்தில்தான் நிற்கிறது. கல்யாண கார்டு அடிக்க நேரில் வருபவரின் விவரத்துக்கு அச்சகமே முதல் பொறுப்பு. ஒரே கடை, காலையில் ஒரு வேடம், மாலையில் இன்னொரு வேடம்.

2025 ஜூன் 1 முதல், தரவு கசிந்து பெரிய தீங்கு வரக்கூடும் என்றாலோ, 1,000 பேருக்கு மேல் சம்பந்தப்பட்டிருந்தாலோ, 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்கு அறிவிக்க வேண்டும். பெரிய தீங்கு வரும் நிலையில், அடுத்த ஏழு நாளுக்குள் சம்பந்தப்பட்டவர்களுக்கும் சொல்ல வேண்டும். தரவுப் பாதுகாப்பு அதிகாரியை நியமிக்கும் கடமை 20,000 பேருக்கு மேல் தரவு வைத்திருப்பவர்களுக்கு, அல்லது அந்தக் கூடுதல் கவனத் தரவு 10,000 பேருக்கு மேல் வைத்திருப்பவர்களுக்கு. இதைக் கேட்டதும் அண்ணன் நிம்மதியாக மூச்சு விட்டார்.

வேடிக்கை என்னவென்றால், அண்ணன் சட்டத்துக்குப் பயப்படாதவர் இல்லை. 1984ஆம் ஆண்டு அச்சகம் மற்றும் வெளியீடுகள் சட்டப்படி மலரில் அச்சகத்தின் பெயரும் முகவரியும் வர வேண்டும். அதை ஒருமுறைகூட அவர் மறந்ததில்லை. அந்தச் சட்டம் தாளில் தெரிகிறது. இந்தச் சட்டம் கணினிக்குள் இருக்கிறது, அதுதான் வித்தியாசம்.

பெரிய இடத்தில் இது நடக்காது என்று நினைக்க வேண்டாம். 2025 ஏப்ரலில் சிங்கப்பூரில், வங்கிகளுக்குக் கடிதமும் கணக்கு அறிக்கையும் அச்சிட்டுக் கொடுத்த டோப்பான் நெக்ஸ்ட் டெக் நிறுவனத்தில் ரேன்சம்வேர் புகுந்தது. டிபிஎஸ் வங்கியின் ஏறத்தாழ 8,200 வாடிக்கையாளர்களின் அறிக்கைகளும், பேங்க் ஆப் சைனாவின் ஏறத்தாழ 3,000 பேரின் விவரங்களும் போயிருக்கலாம் என்று அறிவித்தார்கள். வங்கிகளின் சொந்தக் கணினிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பூட்டிய பெட்டகத்தை விட்டுவிட்டு, அச்சுக்குப் போன பிரதியை எடுத்துக்கொண்டார்கள்.

"பழைய பைல் இருக்கா?"

எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்று நான் சொன்னபோது அக்காதான் தடுத்தார். ஞாயமான தடை. "தம்பி, ரெண்டு வருஷம் கழிச்சு வந்து, போன தடவை அடிச்ச மாதிரியே வேணும், பழைய பைல் இருக்கான்னு கேப்பாங்க. இல்லைன்னா பக்கத்துக் கடைக்குப் போயிடுவாங்க." சின்ன அச்சகத்துக்குப் பழைய கோப்புதான் சொத்து. சட்டம் வேண்டாததை வைக்காதே என்கிறது, வியாபாரம் எல்லாவற்றையும் வை என்கிறது.

இரண்டு நாள் யோசித்த பிறகு விடை மிகச் சாதாரணமாக இருந்தது. டிசைன் வேறு, பட்டியல் வேறு. மறுபடி வருபவர் கேட்பது பூ வரைந்த ஓரம், கோயில் படம், எழுத்துரு. போன வருட உபயகாரரின் தொலைபேசி எண்ணை யாரும் கேட்பதில்லை. ஆகவே ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு கோப்புறை. டிசைன் தங்கும். பட்டியல் கோப்புறை, பொருளைக் கொடுத்து ஒரு மாதம் ஆனதும் போகும், தப்பாக அடித்திருந்தால் திருத்த அந்த ஒரு மாதம் போதும். அக்கா சனிக்கிழமை மாலை கடை சாத்துமுன் அதைப் பார்க்கிறார். வீண் தாளுக்கு, பெயர் இருக்கும் வேலை என்றால் மட்டும், தனிப் பெட்டியும் கிழிக்கும் இயந்திரமும்.

மற்றவை அதிகச் செலவில்லாத வேலைகள்தான். பேனர் கணினியின் வலைக்கம்பியைப் பிடுங்கி, அதற்கென்றே ஒரு பென்டிரைவ் வைத்தோம். அந்த ஒரு செயலால் ரேன்சம்வேரின் வாய்ப்பு அந்தக் கணினிக்கு 3இலிருந்து 1 ஆனது. (பென்டிரைவும் ஆபத்துதான், அதனால் வைரஸ் சோதனை செய்யாமல் செருகக் கூடாது.) வாட்சாப்புக்கும் மின்னஞ்சலுக்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு. வெளிவன்தட்டு இரண்டாக்கி, ஒன்று மாற்றி ஒன்று வீட்டுக்குப் போகிறது. வாடிக்கையாளருக்குத் தனி வைபை. வங்கிக் கணக்கு எண்ணைப் பில்லிலேயே அச்சிட்டு, 'இந்த எண் மாறாது, மாறியதாகச் செய்தி வந்தால் கடைக்கு அழையுங்கள்' என்று ஒரு வரி. பணம் போய்விட்டால் உடனே 997, கணினிச் சம்பவத்துக்கு சைபர்999 என்று எழுதித் தொலைபேசிக்கு மேல் ஒட்டினேன். திருட்டு மென்பொருள் பற்றியும் அறிக்கையில் எழுதினேன், அண்ணன் முகத்தைப் பார்க்காமல். அது இன்னும் அப்படியேதான் இருக்கிறது. சுவரில் ஒட்டிய பாஸ்வர்டும் ஒரு மாதம் அங்கேயே இருந்தது. என் கடைசி நாளில்தான் கழற்றினார்.

அறிக்கைக்கு நல்ல மதிப்பெண் வந்தது. ஆனால் அந்த முகாம் பட்டியல் விஷயம் அறிக்கையில் இல்லை. கடைக் கணினியில் இருந்ததை அன்றைக்கே அழித்துவிட்டேன். பிறகு என் கைப்பேசியைப் பார்த்தேன். அங்கேயும் இருந்தது. ஏற்பாட்டுக் குழுவின் வாட்சாப்பிலும் நானே போட்டிருந்தேன்.

அந்தத் தங்கச்சியைக் கூப்பிட்டுச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அண்ணா, இன்னும் யார் யாருகிட்ட இருக்கு?" என்று மட்டும் கேட்டாள். குழுவில் என்னோடு பதினொரு பேர். ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். எட்டுப் பேர் அழித்துவிட்டதாகச் சொன்னார்கள். ஒருவருக்கு அப்படி ஒரு கோப்பு வந்ததே நினைவில்லை. இன்னொருவர் அந்தக் கைப்பேசியைப் போன வருடமே விற்றுவிட்டாராம்.